மூன்றாவது மேஜையில் நீயும் நானும்

ஷைனிக்கு,

நீ காலையில் டீ குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்துப்போன டம்ளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பா இதை எழுதுகிறேன். நீ செம்பூரில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கப் போயிருக்கிறாய். திரும்பி வர மத்தியானம் ஆகிவிடும், அதற்குள் முடித்துவிட வேண்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பாய். நேரில் சொன்னால் நீ பாதியிலேயே கையை உயர்த்தி, "பஸ், போதும்ப்பா, வேற பேசுங்க" என்று சொல்லிவிடுவாய். கடிதத்தை அப்படி யாரும் பாதியில் நிறுத்த முடியாது. தமிழ் வாசிக்க உனக்குத் திணறும் என்று எனக்குத் தெரியும். இங்கிலீஷ் மீடியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தவனும் நான்தான், அதனால் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எழுத்துக்கூட்டி மெதுவாக வாசி. ஒரு குதிரையை நகர்த்த இருபது நிமிடம் யோசிக்கிறவளுக்கு இது பெரிய வேலையா? ஐரோலியில் இருக்கிற அத்தையிடம் கொடுத்து வாசித்துக் காட்டச் சொல்லாதே. அவளுக்கும் தெரியாத ஒன்று இதில் இருக்கிறது.

அத்தைதான் போன வாரம் போன் போட்டாள். "அண்ணே, ஒரு விசயம் சொல்லுதேன், கோவப்படக் கூடாது. அந்த ஜெர்மனிக்காரங்களுக்கு வரலன்னு எழுதப் போறாளாம். ஒங்க கண்ணுதான் காரணம். ஒங்கள இப்பிடி விட்டுட்டு எப்பிடிப் போகன்னு கேக்கா" என்றாள். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர்க் கிளப் உன்னை இரண்டு வருஷத்துக்கு அழைத்திருக்கிறது. அவர்கள் அணியில் ஆட வேண்டும், அங்குள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். என்னிடம் கேட்டபோது நீ என்ன சொன்னாய்? "பாப்போம்ப்பா, அங்க குளிரு ஜாஸ்தி." மே மாதத்துத் தாராவித் தகரக் கூரைக்குக் கீழே வளர்ந்தவள் குளிருக்குப் பயப்படுகிறாள் என்று நானும் நம்பித் தொலைத்தேன். அத்தை அதோடு விடவில்லை. "செம்பூர்ல ஒங்க கூட ஆடுன ஆட்டத்த அவ ஜெயிச்சதா நெனைக்கவே இல்லண்ணே. கண்ணு தெரியாத மனுசன்கிட்ட இருந்து ராணியப் பிடுங்கிட்டேன் அத்தைன்னு சொல்லி அழுதா" என்றாள். இரண்டு வருஷமாக நீ அதைச் சுமந்துகொண்டு திரிகிறாய், நானோ உனக்கு அலைச்சல் அதிகம், அதனால்தான் முகம் வாடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆட்டத்தைப் பற்றி நான் பேசியே ஆக வேண்டும். அதற்கு முன்னால் என் பழைய தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும். நான் செஸ் கற்றுக்கொண்டது நம் கார்கானாவில். தோல் பை தைக்கிற இடத்தில் செஸ் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது, நான் போய்ச் சேர்ந்தபோதே இருந்தது. கறுப்புத் தோல் துண்டில் சில்வர் பேனாவால் கட்டம் போட்டிருப்பார்கள். தொலைந்துபோன யானைக்குப் பதிலாக ஒரு பெல்ட் பக்கிள் நிற்கும். பிஷப் என்று யாரும் சொல்ல மாட்டோம், ஒட்டகம்தான். சாப்பாட்டு நேரத்தில் நானும் கூட வேலை பார்க்கிற சுடலையும் எதிரெதிரே உட்கார்ந்தால் சுற்றிலும் எட்டுப் பேர் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எங்கள் சட்டப்படி, செக் வாங்காத ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாவலாம். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தாலும் யாரும் பாதியில் எழுந்து போகக் கூடாது, ராஜா மாட்டிக்கொள்ளும் வரைக்கும் ஆட வேண்டும். உலகம் முழுக்க இப்படித்தான் ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டு உனக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன்.

ஒன்பது வயதில் மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் உன் முதல் போட்டி. நான் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தாய். நெருக்கடி வந்ததும் ராஜாவைத் தூக்கி ஜம்மென்று ஒரு குதிரைத் தாவல் போட்டாய். எதிரே இருந்த பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பக்கத்து மேஜைப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நடுவர் வந்து, தாவல் செல்லாது, ராஜாவைத் தொட்டுவிட்டதால் ராஜாவைத்தான் நகர்த்த வேண்டும் என்றார். "எங்க அப்பா சொன்னாங்க" என்று நீ சொன்னது ஜன்னல் வரைக்கும் கேட்டது. தோற்று வெளியே வந்தபோது நீ அழவில்லை. "அப்பா, ஒங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று மட்டும் கேட்டாய். நான் என்ன செய்திருக்க வேண்டும்? எனக்குத் தெரியவில்லை மக்கா, மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ பஸ்ஸில் வரும் வழியெல்லாம், "அவனுகளுக்குத்தான் ஆடத் தெரியல" என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வியாதி பின்னால் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டது என்று இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் கேட்கவில்லை. லைப்ரரிப் புத்தகத்தைப் பார்த்து நீயாகவே கற்றுக்கொண்டாய். அம்மா இறந்துபோன வருஷம் நீ பன்னிரண்டாம் வகுப்பு. அந்த வருஷமும் ஆடினாய். மாநில அணி, வெளியூர்ப் போட்டி, கோப்பைகள் என்று நீ போய்க்கொண்டே இருந்தாய். எனக்கு உன் ஆட்டம் ஒன்றும் புரியாது. கோப்பைகளைத் துடைத்து வைப்பேன், கார்கானாவில் பீற்றிக்கொள்வேன், அவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் பிறந்தநாளுக்குச் சட்டை எடுத்துத் தருவாய் என்று பார்த்தால், செம்பூரில் நீ ஆடப்போகிற போட்டியில் என் பெயரையும் சேர்த்துவிட்டு வந்தாய். "வாழ்க்கைல ஒரு தடவையாச்சும் மேஜைல உக்காந்து ஆடுங்கப்பா. ஜன்னல்ல நின்னது போதும்" என்றாய். ஒரு வாரம் உட்கார வைத்து, ஆட்டத்தைத் தாளில் எழுதுவது எப்படி, கடிகாரத்தை அமுக்குவது எப்படி என்று சொல்லித் தந்தாய். ராஜா தாவக் கூடாது என்று மூன்று தடவை சொன்னாய்.

அன்று காலையில் சுவரில் ஒட்டிய பட்டியலைப் பார்த்து முதலில் சிரித்தவள் நீதான். மூன்றாவது மேஜையில் உன் பெயர், அதற்கு நேரே என் பெயர். பட்டியலை இரண்டாக மடித்து, மேல் பாதியில் இருக்கும் பலசாலிகளைக் கீழ்ப் பாதியில் இருக்கும் நோஞ்சான்களோடு முதல் சுற்றில் மோத விடுவார்களாம். அத்தனை பேர் இருக்கும் ஹாலில் உனக்கென்று விழுந்த நோஞ்சான் நானாகிப் போனேன். நடுவரிடம் ஓடிப்போய், இது என் மகள், மாற்றிப் போடுங்கள் என்று கெஞ்சினேன். அந்தம்மா சிரித்துக்கொண்டே, "காகா, கம்ப்யூட்டர் நே கியா ஹை", கம்ப்யூட்டர் போட்டது, மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். திரும்பி வந்து உன் காதில், "நான் சீக்கிரம் தோத்துத் தந்துருதேன் மக்கா, நீ அடுத்த ஆட்டத்துக்குத் தெம்பா இரு" என்றேன். உன் முகம் மாறிவிட்டது. "விட்டுக்குடுத்தீங்கன்னா நான் எந்திரிச்சிப் போயிருவேன். ஒழுங்கா ஆடணும். நானும் ஒழுங்காத்தான் ஆடுவேன்" என்றாய். உட்கார்ந்ததும் கண்ணை மூடி ஒரு வரி ஜெபம் பண்ணினேன். யார் ஜெயிக்க வேண்டும் என்று மட்டும் ஆண்டவரிடம் சொல்லவில்லை. அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ எனக்குக் கை கொடுத்தாய். உன் கையை நான் எத்தனை தடவை பிடித்திருக்கிறேன்! ரோடு தாண்ட, டிரெயின் ஏற, காய்ச்சல் பார்க்க. அன்று மேஜைக்குக் குறுக்கே நீட்டிய கை வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது. அவ்வளவு மரியாதையாக இதுவரை யாரும் எனக்குக் கை கொடுத்ததில்லை ஷைனி, எங்கள் முதலாளி சேட் உட்பட. ஹாலில் சத்தமே இல்லை. நம் கார்கானாவில் எட்டுப் பேர் கத்தாமல் ஒரு சிப்பாய் கூட நகராது, இங்கே கடிகாரம் அமுக்குகிற சத்தம் மட்டும்தான். எனக்கு வெள்ளை. முதல் பன்னிரண்டு நகர்த்தல் வரைக்கும் நாம் சமமாக ஆடிக்கொண்டிருக்கிறோம் என்றே நினைத்தேன். பிறகுதான் எனக்குக் கை வைக்க இடமில்லாமல் போவது தெரிந்தது. நீ எதையும் வெட்டவில்லை, எதையும் மிரட்டவில்லை. ஒவ்வொரு காயையும் மெதுவாக எடுத்து, அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாய். என் காய்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. நான் பலகையை விட்டுவிட்டு உன் முகத்தையே பார்க்க ஆரம்பித்தேன். என் வீட்டில் சாப்பிட்டு, என்னோடு சண்டை போட்டு, துண்டை நனைத்துக் கட்டில் மேல் போடுகிறவளுக்குள் இப்படி ஒருத்தி எத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள்? சின்ன வயதில் கோவில் திருப்பலியில்கூட எனக்கு அப்படி ஒரு பயம் கலந்த சந்தோஷம் வந்ததில்லை. அப்போதே எழுந்து நின்று ஹால் முழுவதும் கேட்கும்படி, இவள் என் பிள்ளை என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது.

அடுத்து நடந்ததை நீ உன் பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாய். என் இடது கைப்பக்கம், பலகையின் தூரத்து மூலையில் உன் ஒட்டகம் நின்றது. அதற்கு முன்னால் நின்ற குதிரையை நீ எடுத்து அப்பால் வைத்தாய். நான் ராணியைத் தூக்கி நடுப் பலகையில், அந்த ஒட்டகத்தின் நேர் வழியில் கொண்டுபோய் வைத்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை கூடச் செய்யாத காரியம். நீ உடனே எடுக்கவில்லை. என்னைப் பார்த்தாய். உன் சிவப்பு மூடி தண்ணீர் பாட்டிலை எடுத்து, என் இடது பக்க மேஜை ஓரத்துக்கு மெதுவாகக் கொண்டுபோய், அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தாயாம். பிறகு ஆட்டிப் பார்த்தாயாம். நான் திரும்பவே இல்லையாம். இதையெல்லாம் நீ பின்னால் கண் டாக்டர் அறை வாசல் பெஞ்சில் வைத்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் கண்ணில் கோளாறு என்று கார்கானாவில் முப்பது வருஷம் கூட இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. நீ ஒரே ஒரு தப்பு நகர்த்தலைப் பார்த்துக் கண்டுபிடித்தாய். உன் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. இருபத்தைந்து நிமிடம் நீ அசையவில்லை. பிறகு கையை நீட்டி என் ராணியை எடுத்தாய்.

எழுந்து போவது நம் கார்கானாச் சட்டத்தில் இல்லை என்பதால் நான் கடைசி வரைக்கும் ஆடினேன். நீயும் கடைசி வரைக்கும் ஆடினாய். ராணி இல்லாத கிழவன்தானே என்று ஒரு நகர்த்தலைக்கூட நீ அலட்சியமாகப் போடவில்லை. மேட் ஆனதும் கடிகாரத்தை நிறுத்தினாய், கை கொடுத்தாய், "எந்திரிங்கப்பா, கண் டாக்டர்ட்ட போவோம்" என்றாய். நான் மழுப்பினேன். "இடது பக்கம் எத்தன நாளா தெரியல?" என்று கேட்டாய். பொய் சொல்லிப் பழகிய வாய்க்கு அப்போது பொய் வரவில்லை. "ஒரு வருசமா" என்றேன். மூன்று மணிக்கு இரண்டாம் சுற்றில் உன் பெயரைக் கூப்பிட்டபோது நீ சயானில் கண் டாக்டர் வாசலில் என் பைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அந்தப் போட்டியில் நீ மறுபடி ஆடவேயில்லை. கண்ணில் அழுத்தம் கூடி ஓரங்களை அரித்துவிட்டது, போனது வராது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் எல்லாம் போயிருக்கும் என்றார் டாக்டர். இந்த எழுத்தை நான் பார்த்து எழுதுகிறேனே, இது நீ என் ராணியை எடுத்ததால் மிஞ்சியது.

இப்போது அத்தைக்கும் தெரியாத விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷமும் ஒரு போனும் தேவைப்பட்டிருக்கிறது. அந்த ஒரு வருஷமும் நான் எப்படித் தோல் வெட்டினேன் என்று நினைக்கிறாய்? தலையைத் திருப்பித்தான். கத்தியை வைக்கும் முன் கழுத்தை இடது பக்கம் முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவேன். "என்ன அண்ணாச்சி, கோழி மாரி பாக்கீரு?" என்று சுடலை கேலி பண்ணுவான். கழுத்து வலி என்று சொல்லி வைத்திருந்தேன். வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. உனக்குத் தெரிந்தால் போட்டி, பயணம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாய் என்ற பயம் அதைவிடப் பெரியது. செம்பூரில் அந்த ராணியைக் கையில் தூக்கியபோது எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. இடது பக்கம் எதையோ விட்டிருக்கிறோம், பார்த்துவிட்டு வை என்று தோன்றியது. கழுத்து தானாகவே திரும்ப ஆரம்பித்தது. அப்போது நீ நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாய். இவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று கழுத்தை அப்படியே நிறுத்திக்கொண்டேன். நிறுத்திக்கொண்டு, பார்க்காமலேயே ராணியை வைத்தேன். திரும்பியிருந்தால் ஒட்டகம் எனக்குத் தெரிந்திருக்கும், மக்கா. நன்றாகத் தெரிந்திருக்கும்.

அதனால் கண் தெரியாத மனுசனிடமிருந்து நீ ராணியைப் பிடுங்கவில்லை. பார்க்க வழியிருந்தும் பார்க்காமல் வைத்த ஒரு பிடிவாதக்காரனிடமிருந்து எடுத்தாய். அந்தத் தோல்வி முழுக்க முழுக்க என் சொந்தச் சம்பாத்தியம், அதில் உனக்குப் பங்கு கிடையாது. நீ அன்று இரக்கப்பட்டு வேறு காயை நகர்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் தப்பித்தோம் என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்திருப்பேன், இன்னொரு வருஷம் கோழி மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டு கிடந்திருப்பேன். நாளைக்கு நீ கல்யாணம் பண்ணுவாய், பிள்ளை பெறுவாய், உன்னிடம் வேலை பார்க்கப் பத்துப் பேர் வருவார்கள். அன்பு வைத்த ஆள் என்பதற்காக யாரிடமும் உன் ஆட்டத்தைக் குறைத்து ஆடாதே. எனக்கு என் ஆயுளில் கிடைத்த பெரிய மரியாதை, நீ எனக்கு எதிராக முழு பலத்தோடு ஆடியதுதான்.

இன்னொன்றும் கேள். இப்போது தலையைத் திருப்பாமல் இருப்பது நீ. ராத்திரி சாப்பாட்டின்போது போனில் அந்த ஜெர்மனி ஊரின் தெருப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறாய். அப்பாவுக்கு இடது பக்கம் தெரியாது என்று போனை என் இடது பக்கம் சாய்த்து வைத்துக்கொள்கிறாய். அந்த டாக்டர்தான் எனக்குத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பயிற்சி கொடுத்திருக்கிறாரே, மறந்துபோனாயா? ஓட்டுக் கூரை, சின்ன ஆறு, ஆற்றங்கரையில் மஞ்சள் பெயிண்ட் அடித்த ஒரு வீடு. நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். அந்த மஞ்சள் வீட்டில்தான் கிளப் இருக்கிறது போல, நீ அதைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறாய். ஆசையை என்னிடம் மறைக்கலாம் என்று நினைக்காதே. மறைப்பதில் நான் உன்னைவிட மூத்தவன். அதனால் நஷ்டம்தான் என்று உனக்குக் காட்டியும் விட்டவன்.

என்னைப் பற்றிச் சொல்கிறேன், கேட்டுக்கொள். வெட்டு மேஜையை விட்டு லைனிங் ஒட்டுகிற வேலைக்கு வந்தது உனக்குத் தெரியும். போன மாதம் உன்னிடம் சொல்லாமல் சயானுக்கு நானே நடந்து போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். இருக்கிறது அப்படியே இருக்கிறது என்றார். மருந்தைக் காலையிலும் சாயங்காலமும் சுடலை ஞாபகப்படுத்துகிறான், அவன் கத்துகிற சத்தத்துக்குக் கண் தானாகத் திறந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஐரோலியில் அத்தை இருக்கிறாள், மீன் குழம்பு இருக்கிறது. எனக்கு உன் நினைப்பு வரும், வராது என்று பொய் சொல்ல மாட்டேன். பொய்யை நிறுத்திவிட்டேன் என்று காட்டத்தானே இவ்வளவும் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் இருக்கிறது. செம்பூரில் நான் ஆட்டத்தை எழுதிய தாளின் கார்பன் அடிப்பிரதி. கடைசி நகர்த்தல் வரைக்கும் என் கோணல் எழுத்தில் இருக்கிறது. நீ வென்றதாக முடிவு எழுதியிருக்கிறது. கீழே வெள்ளை என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கறுப்பு என்ற இடம் காலியாகக் கிடக்கிறது. என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடிய அவசரத்தில் விட்டுவிட்டாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அத்தை பேசிய பிறகுதான், நீ வேண்டுமென்றே போடாமல் விட்டாய் என்று புரிந்தது. போடு, ஷைனி. நேர்மையாக ஜெயித்த ஆட்டம். போட்டுவிட்டு அந்த ஊர்க்காரர்களுக்கு வருகிறேன் என்று பதில் எழுது. நான் இப்போது கார்கானாவுக்குக் கிளம்புகிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன். தாளை மேஜையின் இடது ஓரத்தில் வை. நான் திரும்பிப் பார்ப்பேன்.

அப்பா